தீனிக்குத் தீனி

நம் ஹாஸ்டலில் எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "மீன்காரப் பயலுவ." மெக்கானிக்கல் நண்பர்கள் லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வருவார்கள். சிவில் நண்பர்கள் சர்வே முடித்து வெயிலில் கறுத்து வருவார்கள். நாங்கள் மட்டும் ஒரு வாடையோடு மெஸ்ஸுக்குள் நுழைவோம். "என்னப்பா, இன்னிக்கு எத்தனை கிலோ பிடிச்சீங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் என்னிடம் வந்து, "கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே குவிஞ்சு கிடக்கு. ட்ரெய்னிங் போனீங்கல்ல, அதைப் பத்தி எழுது" என்றான். சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பை எழுதாமல் இருக்க முடியாது என்று. எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கிடைத்த இடம், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு தனியார் ஹேச்சரி. கொடுவா மீன் குஞ்சு பொரிக்கும் இடம். கொடுவா நம் ஊர் மார்க்கெட்டில் நல்ல விலை போகும் மீன். முன்பெல்லாம் அதன் குஞ்சு வேண்டுமென்றால் கழிமுகங்களில் வலை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். 1997-ல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீனைத் தொட்டியில் வைத்தே முட்டையிடச் செய்து, குஞ்சும் வளர்த்துக் காட்டியது. அதன் பிறகு 2010-ல் மண்டபத்தில் கடல் விராலுக்கும் அதைச் செய்தார்கள். புத்தகத்தில் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். முதல் நாளே பெரிய தாய் மீன்களைக் காட்டுவார்கள், ஹார்மோன் ஊசி போடச் சொல்லுவார்கள் என்று நினைப்பு.

இன்சார்ஜ் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

"தம்பி, மீனு யாரு வேணா வளப்பான். தீனி வளக்கத் தெரிஞ்சவன்தான் ஹேச்சரிக்காரன். நீ பாசித் தொட்டிப் பக்கம் போ."

அன்று இரவு அம்மா போனில் கேட்டாள், "என்ன வேலை குடுத்தாவ யய்யா?"

"மீனு திங்குற பூச்சிக்குச் சாப்பாடு போடுத வேலைம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கா மூணு வருசப் படிப்பு?" என்றாள். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

* * *

இப்போது தெரியும். மற்ற துறை நண்பர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

கொடுவாவின் முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முட்டையிட்டுப் பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணாடி போல இருக்கும். அதற்கு வாயே கிடையாது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையை வைத்து முதல் இரண்டு நாளை ஓட்டும். பிறகுதான் வாய் திறக்கும். அந்த வாய் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்.

கால் மில்லிமீட்டர் வாய்க்குள் எதைப் போடுவது? தூள் தீனியை எவ்வளவு நைசாக அரைத்தாலும் பிரயோஜனமில்லை. தூள் அடியில் போய்ப் படியும், தண்ணீர் கெடும். அசையாத பொருளைத் தீனியென்றே குஞ்சுக்கு அடையாளம் தெரியாது. தெரிந்து விழுங்கினாலும் செரிக்க அதற்கு இரைப்பை இன்னும் உருவாகவில்லை. ஆகவே தீனி உயிரோடு இருக்க வேண்டும், மெதுவாக அசைய வேண்டும், வாய்க்குள் போகிற அளவாகவும் இருக்க வேண்டும். அந்தத் தீனிதான் ரோட்டிபர்.

ரோட்டிபர் என்பது நீரில் வாழும் நுண்ணுயிரி. நாங்கள் வளர்த்த சின்ன இனத்தின் நீளம் 100 முதல் 200 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சின்னப் பானை மாதிரி இருக்கும். தலையில் இரண்டு சக்கரம் சுற்றுவது போல் மெல்லிய இழைகள் சுழலும். அந்தச் சுழற்சியில்தான் நீந்தும், அதிலேயே இரையையும் வாய்க்குள் இழுக்கும். வால் பக்கம் முட்டையைச் சுமந்துகொண்டே திரியும். நல்ல தீனி இருந்தால் ஆண் துணையே தேவையில்லை. பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொண்டு போகும். பிறந்தது ஒரு நாள், ஒன்றரை நாளில் தாயாகிவிடும். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முட்டை வீதம் இடும். தினமும் இரட்டிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட, ஒரே ஒரு ரோட்டிபர் பத்தாம் நாள் ஆயிரத்தைத் தாண்டும், இருபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லி தண்ணீருக்கு இருபது ரோட்டிபர் இருக்கும்படி வைத்திருந்தோம். தொட்டி 2,000 லிட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒரு தொட்டிக்கு நான்கு கோடி! குஞ்சுகள் தின்னத் தின்ன, குறைந்ததை எண்ணி எண்ணி ஊற்ற வேண்டும். ஒரு மில்லி தண்ணீரைப் பிப்பெட்டில் எடுத்து, ஒரு சொட்டு லுகால் அயோடின் விட்டு அசையாமல் செய்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி ஒவ்வொன்றாக எண்ணுவோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முதல் வாரம் கண்ணை மூடினாலும் பானை பானையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, ரோட்டிபர் எதைத் தின்னும்? பாசி. குளத்தங்கரையில் வழுக்குகிற பாசியில்லை. நானோகுளோரோப்சிஸ் என்று ஒரு கடல் நுண்பாசி. ஒரு செல் இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான். அதன் தூய வித்தைக் குளிரூட்டிய அறைக்குள், டியூப் லைட் வெளிச்சத்தில், கண்ணாடிக் குடுவைகளில் வைத்திருப்பார்கள். அந்தக் குடுவைகளுக்குக் கான்வே மீடியம் என்று ஒரு சத்து நீர். நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு, வைட்டமின் பி1, பி12 எல்லாம் அளந்து போட்டுக் கலப்பது. குடுவையிலிருந்து நான்கு லிட்டர் பாத்திரம், அதிலிருந்து இருபது லிட்டர் கேன், அதிலிருந்து 250 லிட்டர் தொட்டி, கடைசியில் வெளியே வெயிலில் ஒரு டன் தொட்டி. வெளித் தொட்டிக்கு வயலுக்குப் போடும் அதே உரம்தான். டன்னுக்கு அமோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10 கிராம், யூரியா 10 கிராம். நன்றாக வளர்ந்த பாசித் தண்ணீர் அரைத்த மருதாணியைக் கரைத்த மாதிரி இருக்கும். ஒரு மில்லியில் கோடிக்கு மேல் செல்கள் இருக்கும்.

உரத்தில் பாசி, பாசியில் ரோட்டிபர், ரோட்டிபரில் குஞ்சு. இதில் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கடைசியில் இருப்பது சாகும். என் வேலை, பாசிக்கும் ரோட்டிபருக்கும் நடுவே இருந்தது.

* * *

அங்கே தொட்டி கழுவும் வேலைக்கு ஓர் அக்கா இருந்தார். தினக்கூலி. காலை ஆறு மணிக்கு வந்தால் பிளீச்சிங் பவுடரும் பிரஷ்ஷுமாக நிற்பார். எனக்கு முதல் வாரம் வேலை சொல்லிக் கொடுத்தது சாரைவிட அந்த அக்காதான். காற்றுக் குழாயின் கல்லைக் கழுவுவது எப்படி, வலையை எப்படி உதறினால் கிழியாது, எல்லாம். அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். "இந்தப் படிப்புக்குப் பொம்பளப் புள்ளைங்களையும் சேப்பாங்களா தம்பி? செலவு எவ்வளவு ஆகும்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ரோட்டிபரை மெல்லிய வலையில் வடித்து, வாளியில் சேர்த்து, குஞ்சுத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தேன். அடுத்த வேலை, இரண்டாம் நம்பர் பாசித் தொட்டியிலிருந்து மூன்றாம் நம்பர் தொட்டிக்கு விதைப் பாசி மாற்றுவது. பாசிக்கென்று தனி வாளி உண்டு. அதை யாரோ எங்கேயோ வைத்துவிட்டார்கள். தேடினேன், கிடைக்கவில்லை. மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. கையிலிருந்த ரோட்டிபர் வாளியில் கொஞ்சம் கடல் தண்ணீர் பிடித்து, ஒரு சுற்று சுற்றிக் கீழே ஊற்றினேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. அதாலேயே மொண்டு மொண்டு மூன்றாம் தொட்டியில் ஊற்றி முடித்தேன்.

நண்பர்களே, வடித்த ரோட்டிபர் வாளியின் பக்கங்களில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணுகிறவனே நான்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாதது கணக்கில் வராது என்று கை நினைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தொட்டி நல்ல பச்சை. அதிலிருந்து நான்காம், ஐந்தாம் தொட்டிகளுக்கும் நானே விதை எடுத்தேன். பாசியை எண்ணும் தகட்டில் ஒரு துளியில் கடுகளவுதான் பிடிக்கும். அதில் பாசியை மட்டும் எண்ணி ரிஜிஸ்டரில் எழுதினேன். வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு மில்லி எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. சார் அந்த நாட்களில் தாய் மீன் தொட்டியை விட்டு நகரவில்லை. ஞாயிறு ராத்திரி மீன் முட்டையிட்டது. திங்கள் சாயங்காலம் பொரிந்தது. 80,000 குஞ்சுகளை இரண்டு டன் தொட்டியில் விட்டோம். எல்லோருக்கும் சந்தோஷம். வியாழக்கிழமை முதல் தீனி போட வேண்டும்.

புதன்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், மூன்றாம் தொட்டியில் பச்சையைக் காணோம். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. நான்கும் ஐந்தும் வெளுக்க ஆரம்பித்திருந்தன. ஒன்றும் இரண்டும் ஏற்கெனவே ரோட்டிபருக்கு இறைத்துக் காலியான தொட்டிகள். சார் ஓடி வந்தார். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எதுவும் பேசாமல் என்னைப் பார்க்கச் சொன்னார். பானை பானையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாவற்றின் வாலிலும் முட்டை.

"வாளி மாறியிருக்கு" என்றார் சார். அக்காவைக் கூப்பிட்டார். "பாசி வாளியத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தொட்டி கழுவுற வாளி, ரோட்டிபர் வாளி, எல்லாம் ஒண்ணா உங்களுக்கு?"

"நான் தொடல சார். சத்தியமா நான் தொடல."

"இந்த வாரத்தோட கணக்கு முடிச்சுக்கங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். எனக்காகத் திரும்பியிருக்க மாட்டார். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று திரும்பியிருப்பார். நான் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லத்தான் போட்டேன். வாய் வரவில்லை. அதனால் அன்று ஹேச்சரிக்கு வந்து இறங்கிய ஆர்ட்டீமியா டப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஆர்ட்டீமியா என்பது உப்புத் தண்ணீர்ப் பூச்சி. கொடுவாக் குஞ்சு எட்டு, ஒன்பது நாள் ஆகி வாய் பெரிதான பிறகு ரோட்டிபர் பற்றாது. அப்போது ஆர்ட்டீமியாவின் குஞ்சைக் கொடுக்க வேண்டும். அதன் முட்டை காய்ந்து தூளாகி டப்பாவில் வருடக்கணக்கில் உறங்கும். ஒரு கிராமில் இரண்டு மூன்று லட்சம் முட்டை. கடல் தண்ணீரில் போட்டு, காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் ஒரே நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொரிந்து நீந்தும். உலகத்துக்கெல்லாம் அதில் ஒரு பெரிய பங்கு அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருகிறது. ஒரு டப்பா விலை அப்பாவின் பல நாள் கூலி.

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர். நான் அந்தப் பூச்சியின் உருவத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஏலே, அது நம்ம உப்பளத்துல கெடக்கதுதாம்ல! பாத்திக்கு விடுததுக்கு முந்தி தண்ணி தேக்கி வச்சிருப்பம்லா, அதுல செவப்பா மல்லாக்க நீந்திட்டுத் திரியும். அதையா அமெரிக்காவுலேர்ந்து டப்பாவுல வாங்குதாங்க? நல்ல கூத்து!"

அவர் சொன்னது உண்மைதான். தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்ட்டீமியா இருப்பது புத்தகத்திலேயே இருக்கிறது. மீன் உயிர்வாழ முடியாத அளவுக்கு உப்பு ஏறிய தண்ணீரில்தான் அது நிம்மதியாக வாழும். தின்ன ஆள் கிடையாது. தண்ணீரிலுள்ள பாசியை வடித்துத் தின்றுவிடுவதால் உப்பும் வெள்ளையாக விளையும். பாடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக நான் படித்ததை, அப்பா முப்பது வருடமாகக் கால் நனையப் பார்த்திருக்கிறார்.

பேச்சு உப்பளத்தில் போய் நின்றது. அந்த வாரம் ஒரு பாத்தியில் உப்பு மண் கலந்து கெட்டுப்போனதாம். வரப்பு உடைந்ததற்கு வேறு காரணம். ஆனால் அப்பா பேரில் எழுதிக் கூலியில் பிடித்துவிட்டார்களாம். "என்ன செய்ய? படிக்காத ஆளுவ. எது கெட்டாலும் எங்க பேருலதான் எழுதுவாவ. எழுதத் தெரிஞ்சவன் கையிலதான பேனா இருக்கு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். "சரி, நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ரிஜிஸ்டர் எழுதும் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

காலையில் சார் வந்ததும் போய் நின்றேன். "சார், அக்கா இல்ல சார். நான்தான்."

"எப்ப?"

"போன செவ்வாக்கிழமை சாயங்காலம். பாசி வாளி கிடைக்கல. ரோட்டிபர் வாளிய அலசிட்டு அதால ஊத்தினேன். நாலுக்கும் அஞ்சுக்கும் விதை எடுத்ததும் நான்தான் சார்."

திட்டுவார், கல்லூரிக்குக் கடிதம் போடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ரிஜிஸ்டர எடுத்து எழுது" என்றார். தேதி, தொட்டி எண், நடந்தது, காரணம், யார். என் பெயரை என் கையாலேயே எழுதினேன். பத்தாவது சர்டிபிகேட்டுக்குப் பிறகு என் பெயரை அவ்வளவு கவனமாக எழுதியது அன்றைக்குத்தான்.

சார் வெளியே போய், "அக்கா, மூணு, நாலு, அஞ்சு தொட்டிய பிளீச்சிங் போட்டுக் கழுவிடுங்க. திங்கக்கிழமை புதுசா விதை விடணும்" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை என்றதில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் வரை அக்கா என்னிடம் பேசவில்லை. சாப்பிடும்போது, "நேத்தே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். தலையை ஆட்டினேன். சோறு இறங்கவில்லை.

* * *

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. குஞ்சுகளுக்கு இந்தக் கதை தெரியாது. அவற்றுக்கு அன்றே தீனி வேண்டும்.

ரோட்டிபர் தொட்டியில் ரோட்டிபர் இருந்தது. ஆனால் அதற்குப் போடப் பாசியில்லை. பக்கத்து ஹேச்சரியிலிருந்து கேன்களில் கொஞ்சம் பாசி வாங்கி வந்தார் சார். அது ஒரு வேளைக்குத்தான் வந்தது. மிச்ச நேரத்துக்கு ரொட்டிக் கடையில் போடும் ஈஸ்ட்டைக் கரைத்து ரோட்டிபருக்கு விட்டோம். ரோட்டிபர் அதைத் தின்று நன்றாகவே பெருகியது. எண்ணிக்கை குறையவே இல்லை. குஞ்சுத் தொட்டியில் மில்லிக்கு இருபது, கணக்குச் சரி. குஞ்சும் தின்றது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வயிறு நிறைந்திருந்தது. நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

சார் தலையை ஆட்டினார். "வயிறு நிறைஞ்சிருக்கு. சத்து இல்ல."

கடல் மீன் குஞ்சின் கண்ணும் மூளையும் உடம்பும் வளர இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலங்கள் கட்டாயம் வேண்டும். அவற்றைத் தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. தீனியிலிருந்துதான் வர வேண்டும். கடல் நுண்பாசி தின்ற ரோட்டிபரில் இ.பி.ஏ. நிறைய இருக்கும். ஈஸ்ட் தின்ற ரோட்டிபரில் அநேகமாக ஒன்றுமிருக்காது. 1970-களில் ஜப்பானில் இதே மாதிரி ஈஸ்ட் ரோட்டிபர் கொடுத்துக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகுதான் காரணம் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ரோட்டிபரை மீன் எண்ணெய்க் கலவையில் சில மணி நேரம் ஊறவைத்து, அதன் வயிற்றில் சத்தை ஏற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ரோட்டிபர் ஒரு தட்டு மாதிரிதான். நாம் அதில் எதைப் பரிமாறுகிறோமோ அதுதான் குஞ்சுக்குப் போய்ச் சேரும்.

எங்களிடம் அந்த எண்ணெய்க் கலவை தீர்ந்திருந்தது. சொல்லி அனுப்பி, வந்து சேர நான்கு நாள் ஆனது. அதற்குள் ஏழாம் நாளிலிருந்து குஞ்சு விழ ஆரம்பித்துவிட்டது. அடிக் கழிவை இழுக்கக் குழாயை வைத்தால் போதும், அந்த அதிர்ச்சியிலேயே மயங்கிச் சாயும். காலையில் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், பொடித்த உப்பு மாதிரி. நான்தான் குழாய் வைத்து இழுத்தேன். வேறு யாரையும் விடச் சார் சம்மதிக்கவில்லை. அதைத் தண்டனை என்று அவர் சொல்லவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, இந்த ரோட்டிபர் முதல்ல எப்படித் தெரிஞ்சது தெரியுமா? ஜப்பான்ல விலாங்கு மீன் குளத்துல. நல்ல பச்சையா இருக்க குளம் திடீர்னு வெளுத்துப்போகும், மீன் சாகும். காரணம் இந்தப் பூச்சி. சனியன்னு நினைச்சாங்க. இட்டோன்னு ஒரு ஆளு, இதையே கடல் மீன் குஞ்சுக்குத் தீனியா குடுத்தா என்னன்னு 1960-ல எழுதினார். இன்னிக்கு உலகம் பூரா இதுலதான் குஞ்சு பொழைக்குது. உன் மூணாம் தொட்டில நடந்தது, அங்க குளத்துல நடந்ததுதான். இருக்க வேண்டிய தொட்டில இருந்தா தீனி. மாறிப் போனா சனியன். நடுவுல இருக்கது ஒரு வாளி."

அதன் பிறகு இருபது நாள், நானும் அக்காவும் குடுவையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். நல்ல வேளை, குளிரறைக்குள் நான் ஈர வாளியோடு போனதில்லை. குடுவை வித்து தூய்மையாகவே இருந்தது. குடுவை, பாத்திரம், கேன், தொட்டி. ஒவ்வொரு படிக்கும் நான்கைந்து நாள். அவசரப்படுத்த முடியாது. ஒவ்வொரு காலையும் ஒரு மில்லி எடுத்து, ஒரு ரோட்டிபராவது இருக்கிறதா என்று தேடுவேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் டீ. பாசி வாளிக்குப் பச்சைப் பெயின்ட், ரோட்டிபர் வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் நானே அடித்தேன். அக்கா அதற்குத் தனித்தனி ஆணி அடித்து மாட்டினார். "இனி எவனும் தேட வேண்டாம்" என்றார்.

இருபத்தைந்தாம் நாள் குஞ்சுகளை எண்ணினோம். எண்ணெய்க் கலவை வந்த பிறகு தப்பியவை, ஆர்ட்டீமியா தின்று ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தன. 80,000-ல் 3,100 இருந்தது. அதற்கு முந்திய தடவை அதே தொட்டியில் 14,000 எடுத்ததாக ரிஜிஸ்டரில் இருக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு எண்ணும் இருக்கின்றன. இரண்டாவது எண்ணுக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது.

கிளம்பும் நாள் அக்கா கேட்டார், "தம்பி, என் மவளச் சேக்கலாம்தானே?"

"சேருங்கக்கா" என்றேன். விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதே பேனாதான்.

* * *

நண்பர்களே, அறிவுரை சொல்லும் வயது எனக்கில்லை. உங்களில் பலர் நாளை ஒரு பட்டறையிலோ, கட்டட வேலையிலோ, மின் நிலையத்திலோ போய் நிற்கப்போகிறீர்கள். அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சுமக்கும் வாளி ஒன்று இருக்கும். "ஒரு தடவைதானே" என்று கை நினைக்கும். அந்த இடத்தில் கூலிக்கு நிற்கும் ஓர் அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார்கள். தப்பு நம் கையில் நடந்தால், அவர்கள் பேரில் எழுதப்படுவதற்கு முன்னால் நாம் எழுதிவிட வேண்டும். நான் ஒரு நாள் தாமதித்தேன். அந்த ஒரு நாளை இன்னும் என்னால் கணக்கில் நேர் செய்ய முடியவில்லை.

அம்மா கேட்ட கேள்விக்குப் போன மாதம் ஊருக்குப் போனபோது பதில் சொன்னேன். "ஆமாம்மா, அதுக்குத்தான் மூணு வருசப் படிப்பு. தீனிக்குத் தீனி சரியில்லன்னா மீனே இல்ல."

அம்மா குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டே, "இத நாங்க படிக்காமலே செய்யுதோம்ல? நான் நல்லா தின்னாத்தான் ஒனக்குப் பாலுன்னு எங்காத்தா சொல்லுவா" என்றாள்.

இதற்கு மேல் எந்தப் புத்தகத்தைக் காட்டுவது? சாப்பிட உட்கார்ந்தேன். அன்று கொடுவாக் குழம்பு இல்லை. சாளைதான். ருசியாகத்தான் இருந்தது.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மீன்வளத் தொழில்நுட்பத் துறை